விரிக்கவா என்று கேட்ட விசை

அலுவலகத்தில் புது லேப்டாப் கொடுத்தார்கள். பழையதில் இருந்த எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம் என்று ஐடி பிரிவில் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். அன்று மதியம் ஒரு டிக்கெட்டை மூடுவதற்காக எடிட்டரைத் திறந்து, யோசிக்காமல் மூன்று எழுத்து அடித்தேன். ஜே, கே, டி. வழக்கமாக அதற்கப்புறம் சில விசைகளைத் தட்டினால் அந்த மூன்று எழுத்தும் மறைந்து ஒரு முழுப் பத்தி வந்து உட்காரும். வரவில்லை. ஜேகேடி அப்படியே நின்றது, பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

சரி, கையாலேயே அடித்துவிடலாம் என்று பார்த்தால், அந்தப் பத்தி என்னவென்றே ஞாபகமில்லை. விரலுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்துவைத்த சுருக்கங்களின் ஃபைல், பெயர் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவான ஃபோல்டருக்குள் இருந்தது. மாற்றியவர்கள் கண்ணில் அது படவில்லை. பழைய லேப்டாப் திரும்பக் கைக்கு வர ஒரு வாரம் ஆனது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வாரத்தில் முளைத்தது.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி. சில எடிட்டர்களில் நீங்களே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளலாம்: இந்த மூன்று எழுத்தை அடித்தால் இந்த நீண்ட வாக்கியமாக மாற்று, என்று. போனில் முகவரிக்கும் மெயில் ஐடிக்கும் இப்படிச் செய்துவைத்திருப்பவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அவ்வளவுதான் விஷயம். ரொம்பச் சின்ன வசதி. ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. எழுதுகிறவர் சுருக்குகிறார்; விரிப்பது யார்? எந்த நொடியில், யாரைக் கேட்டுக்கொண்டு விரிக்கிறார்?

*

கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பு இந்த வேலைக்கு ஆள் வைத்திருந்தார்கள். 1879இல் அமெரிக்காவில் வால்டர் பி. ஃபிலிப்ஸ் என்பவர் ஒரு சுருக்க அகராதி வெளியிட்டார். தந்தி அடிப்பவராக இருந்து அசோசியேட்டட் பிரஸ்ஸுக்கு வந்தவர். செய்தி நிறுவனங்கள் வாஷிங்டனில் இருந்தும் நியூயார்க்கில் இருந்தும் ஊர் ஊராகப் பத்திரிகைகளுக்கு இரவெல்லாம் தந்தியில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலம். கம்பி விலை உயர்ந்தது. ஒரு கம்பியில் ஒரு மணி நேரத்தில் எத்தனை வார்த்தை போகிறது என்பதுதான் காசு. அதனால் ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களையும் தொடர்களையும் ஃபிலிப்ஸ் நறுக்கினார். ஆங்கிலத்தில் எங்கும் வரும் 'தி' என்ற சொல்லுக்கு 'டி' என்ற ஒற்றை எழுத்து. அமெரிக்க உச்ச நீதிமன்றம் என்ற நீளமான பெயருக்கு 'ஸ்கோட்டஸ்'. அமெரிக்க ஜனாதிபதிக்கு முதலில் 'பாட்', பிறகு 1890களில் 'போட்டஸ்'.

மறுமுனையில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். காதில் விழுவது வெறும் டக்டக் ஓசை. சத்தம் போதவில்லை என்று அந்தக் கருவிக்குப் பின்னால் பிரின்ஸ் ஆல்பர்ட் புகையிலை டப்பாவைச் செருகிவைப்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தந்தி ஆட்களிடம் பரவலான பழக்கம். தகரம் அதிர்ந்து ஓசை கூடும். கேட்கக் கேட்க, அந்தச் சுருக்கங்களை முழு ஆங்கிலமாக விரித்து டைப்ரைட்டரில் அடித்துக்கொண்டே போவார். 1880களிலிருந்து தந்தி அலுவலகங்களுக்குள் டைப்ரைட்டர் வரத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்: சுருக்கத்தில் வருகிற செய்தியை விரித்து எழுதும் வேகம் பேனாவுக்குக் கிடையாது. ஓசைக்கும் காகிதத்துக்கும் நடுவே ஒரு மனிதத் தலை. அவர் காதில் 'டி' என்று விழுந்தால் அது 'தி' என்ற சொல்லா, யாரோ ஒருவரின் இனிஷியலா என்பது முன்னால் வந்த நாலு வார்த்தையிலிருந்தே அவருக்குத் தெரியும். யாரும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை. அவர் வாக்கியத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

ஸ்கோட்டஸும் போட்டஸும் இன்று அமெரிக்கச் செய்தித் தலைப்புகளில் அப்படியே வருகின்றன. விரிக்க ஆளில்லாமல் போன சுருக்கம் சில நேரம் தானே சொல்லாகிவிடும். இதைப் படித்தபோது எனக்குத் தாத்தா காலத்து வீட்டுப் பத்திரம் ஞாபகம் வந்தது. அதில் பக்கத்துக்கு நாலு முறை 'ஷை' என்று வரும். ஷை நிலம், ஷையார். சின்ன வயதில் அது யாரோ ஒருவரின் பெயர் என்று நினைத்திருந்தேன். 'மேற்படி' என்பதற்குத் தமிழில் ௸ என்று ஒரு குறி உண்டு. பார்க்க 'ஷை' மாதிரியே இருக்கும். குறியைக் குறியாகப் படித்து 'மேற்படி' என்று விரித்துச் சொன்னவர்கள் போக, எழுத்தாகவே படித்தவர்களும் எழுதியவர்களும் பெருகி, அது 'ஷை' என்றே நிலைத்துவிட்டது. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்று இந்தக் குடும்பம் பெரியது. 2003இல் வந்த யூனிகோட் 4.0இல் இவை எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது. இடம் கிடைத்த நேரத்தில் இவற்றை விரிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்களோ.

*

தந்தி அலுவலகத்து ஆள் செய்த வேலையை மெஷினுக்குக் கொடுத்தது எப்படி என்று பார்த்தால், நல்ல சாட்சி விஐ எடிட்டர். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களின் பின்பாதியில் பில் ஜாய் எழுதியது. வீட்டிலிருந்து 300 பாட் மோடம் வழியாக வேலை செய்யும்படி அதை வடிவமைத்தேன் என்று பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். 300 பாட் என்றால் நொடிக்குச் சுமார் 30 எழுத்து. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நடந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு மார்க் ஹார்ட்டன் அந்த எடிட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு பல வசதிகளைச் சேர்த்தார். அந்தக் காலக் கையேட்டில் சுருக்கங்களைப் பற்றி ஒரு குட்டிப் பகுதி இருக்கிறது. உதாரணம் அவர்கள் துறையின் பெயரேதான்: ஈ, ஈ, சி, எஸ் என்று நாலு எழுத்து அடித்தால் 'எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் அண்ட் கம்ப்யூட்டர் சயின்ஸஸ்' என்று விரியும்.

ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தேன், இடைவெளிகளோடு 44 எழுத்து. அப்படியென்றால் அந்த மோடத்தில் விரிந்து முடிக்க ஒன்றரை நொடி. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஃபிலிப்ஸின் சுருக்கம் கம்பியை மிச்சம் பிடித்தது. நாலு எழுத்து மட்டும்தான் ஊர் கடந்து போனது. விஐயில் விரிவு நடப்பது பல்கலைக்கழகத்து மெஷினில். நாலு எழுத்து அங்கே போகிறது, 44 எழுத்து திரும்பி வருகிறது. கம்பிக்கு ஒரு மிச்சமும் இல்லை. மிச்சம் விரலுக்கு மட்டும். நூறு வருடத்தில் எது விலை உயர்ந்தது என்பது இடம் மாறிவிட்டது.

அந்தக் குட்டிப் பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். சுருக்கம் முழுச் சொல்லாகத் தனித்து நின்றால்தான் விரியும். பெரிய சொல் ஒன்றின் நடுவே அதே நாலு எழுத்து வந்தால் தொடமாட்டோம், என்கிறார்கள். ஸ்பேஸோ, காற்புள்ளியோ, ஏதாவது ஒன்று வந்து சொல்லை முடித்துவைக்கும் வரை எடிட்டர் பொறுமையாகக் காத்திருக்கும். தந்தி ஆளின் தலைக்குள் இருந்த அத்தனை விவேகத்துக்கும் பதிலாக மெஷினுக்குக் கிடைத்தது இந்த ஒரு விதி. சொல் முடிந்துவிட்டதா? முடிந்தது என்றால் மாற்று.

விதி மட்டும் என்றால் வரும் வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 1991இல் பிராம் மூலெனார் வெளியிட்ட விம், விஐயின் வாரிசு. அதில் ஒரு சுருக்கத்தை நீக்க வேண்டும் என்றால் 'இந்தச் சுருக்கத்தை நீக்கு' என்று கட்டளை அடிக்க வேண்டும். அப்படி அடித்தால், சுருக்கத்தின் பெயரை நீங்கள் எழுதி முடித்த கணமே அது கட்டளைக்குள்ளேயே விரிந்துவிடக்கூடும்! கொல்ல வந்தவனிடமே கடமையைச் செய்துவிடுகிற வேலைக்காரன். அதற்கு விம்மில் போட்டிருக்கும் தீர்வு: கொடுத்த பெயரில் சுருக்கம் எதுவும் இல்லையென்றால், அதை விரிவாக வைத்திருக்கும் சுருக்கத்தைத் தேடி நீக்கு. கையேட்டில் இது ரொம்பச் சாதாரணமாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் பல முறை மாட்டிக்கொண்ட பிறகுதான் எழுதியிருப்பார் என்பது என் ஊகம்.

*

நான் ஈமேக்ஸ் ஆள். (விம் நண்பர்கள் பொறுத்துக்கொள்க. சண்டை வேண்டாம்.) எம்ஐடியின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் 1976இல் பிறந்த எடிட்டர் அது. இன்று நாம் பயன்படுத்துவது 1980களில் ரிச்சர்ட் ஸ்டால்மன் புதிதாக எழுதியதன் வழி வந்தது. அதில் இரண்டு விதமான சுருக்கங்கள் உண்டு. இரண்டுக்கும் குணம் வேறு.

ஒன்று 'அப்ரெவ்'. பட்டியல் உங்களுடையது. நிறுத்தக்குறியோ ஸ்பேஸோ அடித்த உடனே விரியும். சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் விரிவும் பெரிய எழுத்தில் தொடங்கும், அவ்வளவு மரியாதை தெரிந்தது. இதை வைத்துக்கொள்ளும் ஃபைலில் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். எத்தனை முறை விரித்திருக்கிறோம் என்ற கணக்கு. யாரும் கேட்காத கணக்கு, ஆனாலும் எழுதிக்கொண்டே வரும்.

இன்னொன்று 'டேபெவ்' என்று நாங்கள் சொல்வது. இதற்குப் பட்டியலே கிடையாது. ஒரு சொல்லின் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்து ஆல்ட்டையும் சாய்கோட்டையும் அழுத்தினால், நீங்கள் இதே ஃபைலில் மேலே எழுதியதைப் பின்னோக்கித் தேடி, அப்படித் தொடங்கும் சொல்லை எடுத்து வைக்கும். அது இல்லையா, திரும்ப அழுத்துங்கள், இன்னும் கொஞ்சம் மேலே போய் வேறொன்றைக் கொண்டுவரும். அழுத்தாவிட்டால் ஒன்றும் செய்யாது. அதாவது, அது கேட்கும். முதலாவது கேட்காது.

கேட்காததால் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வேலையில் இருந்தபோது மெயிலையும் ஈமேக்ஸிலேயே எழுதிக்கொண்டிருந்தேன், அந்த வயதுக்கு உரிய கர்வம். வேலை எப்போதும் தாமதம். அதனால் 'ஸாரி' என்பதன் மூன்று மெய்யெழுத்தை, எஸ், ஆர், ஒய், ஒரு சுருக்கமாக வைத்திருந்தேன். அடித்து ஸ்பேஸைத் தட்டினால் 'தாமதத்துக்கு மன்னிக்கவும், இன்று மாலைக்குள் முடித்துத் தருகிறேன்' என்ற பொருளில் ஒரு ஆங்கில வாக்கியம் வரும். ஒருநாள் காலை டீமில் ஒருவர், இரவு அப்பா தவறிவிட்டார், ஊருக்குக் கிளம்புகிறேன் என்று எல்லோருக்கும் ஒரு வரி எழுதியிருந்தார். நான் பதிலில் அந்த மூன்று எழுத்தை அடித்து, பெயரைச் சேர்த்து, அனுப்பிவிட்டேன். திரையைப் பார்க்கவில்லை. கண் அவர் எழுதிய வரியிலேயே இருந்தது.

அனுப்பியவைகளின் பட்டியலில் அதைப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டது. தாமதத்துக்கு மன்னிக்கவும். இன்று மாலைக்குள் முடித்துத் தருகிறேன். உடனே போன் பண்ணினேன், எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தார். நான் ஆரம்பித்ததும், "அதெல்லாம் விடுப்பா, அன்னைக்கு யாரு மெயில் பாத்தா" என்றார். பார்த்திருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அந்தப் பட்டியலை வேறு யாரும் எழுதவில்லை, நான்தான் எழுதினேன். ஆனால் எழுதியவன் இரண்டு வருடத்துக்கு முந்தைய நான். எதற்காக எல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அன்று காலை அந்த வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருந்தவன் எவனோ, அவனை எடிட்டர் கேட்கவே இல்லை.

*

எடிட்டர் கேட்பதை விட்ட தருணம் என்று ஒன்றை நம்மால் ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடியும், கோடிக்கணக்கான சாதாரண மக்களைப் பொறுத்தவரை. மைக்ரோசாஃப்ட் வேர்டில் 'குளோசரி' என்று ஒரு வசதி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. ஒரு சின்னப் பெயரை அடித்து எஃப்3 விசையைத் தட்டினால் கம்பெனி லோகோவோ முகவரியோ வந்து நிற்கும். 1990களின் தொடக்கத்தில் வேர்ட் குழுவில் இருந்த டீன் ஹக்கமோவிச், இதை எழுத்துப் பிழை திருத்தவும் பயன்படுத்தலாமே என்று பார்த்தார். ஆங்கிலத்தில் அவசரத்தில் எல்லோரும் செய்யும் பிழை, டி-ஹெச்-ஈ என்பதை டி-ஈ-ஹெச் என்று அடிப்பது. அதையும் ஒரு சுருக்கமாகக் கருதி, எஃப்3 தட்டினால் சரியான சொல்லாக விரியும்படி செய்தார். அடுத்து அவருக்குத் தோன்றியதுதான் திருப்பம். எஃப்3 எதற்கு? ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஸ்பேஸ்பாரைத் தட்டத்தானே போகிறார்கள்? அந்தத் தட்டையே அனுமதியாக எடுத்துக்கொண்டால்? 1993இல் வேர்ட் 6இல் ஆட்டோகரெக்ட் வந்தது.

நியாயமாகச் சொன்னால் விஐ ஏற்கனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தது. வித்தியாசம் பட்டியலில். விஐயில் நீங்கள் ஒரு வரிகூட எழுதாவிட்டால் எதுவும் விரியாது. வேர்டில் பட்டியல் பெட்டியிலேயே வந்தது, வேறு யாரோ உட்கார்ந்து எழுதியது. எஃப்3 என்பது 'விரிக்கவா?' என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் 'ம்'. ஸ்பேஸ்பாரைத் தட்டுவது பதில் இல்லை, அடுத்த சொல்லுக்குப் போவது. அதை 'ம்' என்று எடுத்துக்கொண்டார்கள். பயன் இருந்ததா என்றால், இருந்தது. அந்தப் பிழை திருத்தம் இல்லாமல் நான் ஒரு நாள் தாண்டமாட்டேன்.

இது ஆங்கிலத்துக்கு ஏற்ற யோசனை என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே ஸ்பேஸ் விழும்போது சொல் பெரும்பாலும் அப்படியே முடிந்திருக்கும். தமிழில் 'சென்னை' என்று ஒரு சுருக்கத்துக்கு விரிவு வைத்தால், எனக்கு வேண்டியது எப்போதும் சென்னையில், சென்னைக்கு, சென்னையிலிருந்துதான். நான் செய்துபார்த்துக் கைவிட்டேன். பத்திரம் எழுதியவர்கள் இதைச் சுலபமாகத் தாண்டினார்கள், சுருக்கத்தின் மேலேயே விகுதியை ஒட்டி 'ஷையார்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தே பார்க்கவில்லை. விரிக்கிறவர் மனிதர் என்ற நம்பிக்கை அது.

மெஷின் விரிக்கும்போது மனிதர்கள்தான் வளைய வேண்டியிருக்கிறது என்பதற்கு, எடிட்டரை விட்டு ஒரு அடி வெளியே, எக்செல்லில் ஒரு கதை இருக்கிறது. மனித மரபணுக்களுக்கு ஆய்வாளர்கள் சுருக்கப் பெயர் வைப்பார்கள். 'செப்டின்' குடும்பத்து மரபணுக்களுக்கு செப்ட்1, செப்ட்2 என்று பெயர். இன்னொரு குடும்பத்துக்கு மார்ச்1, மார்ச்2. இவற்றை எக்செல்லில் ஒட்டினால் என்னவாகும்? செப்டம்பர் 2. மார்ச் 1. கேள்வி கிடையாது, பதில் கிடையாது, தேதியாக விரித்துவிடும். 2004லேயே இதைப் பற்றி ஆய்வாளர்கள் எச்சரித்து எழுதினார்கள். 2016இல் ஆஸ்திரேலியாவில் ஒரு குழு மரபணுவியல் கட்டுரைகளோடு இணைக்கப்பட்டிருந்த எக்செல் பட்டியல்களை அலசிப் பார்த்தது. மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை. படித்து முடித்து, சக ஆய்வாளர்கள் சரிபார்த்து, அச்சான கட்டுரைகள்.

2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு ஒரு முடிவெடுத்தது. செப்ட்1 இனிமேல் 'செப்டின்1'. மார்ச்1 இனிமேல் 'மார்ச்எஃப்1'. மாறியது எக்செல் அல்ல, மரபணுவின் பெயர். தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதி எக்செல்லில் வந்தது 2023இல், பெயர் மாற்றி மூன்று வருடம் கழித்து. இதைக் கேட்டு என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பாதிதான் வருகிறது. அந்த வரிசையில் ஒரு நோயாளியின் மரபணு இருந்து, அது செப்டம்பர் 2 என்று மாறிப்போய், யாரும் கவனிக்காமல் போனால் என்ன என்றுதான் யோசனை ஓடுகிறது.

இப்போது போனில் நாம் பட்டியலும் எழுதுவதில்லை, விசையும் அழுத்துவதில்லை. இரண்டு எழுத்துக்குள் மூன்று சொற்கள் மேலே வரிசையாக வந்து நிற்கின்றன. தொட்டால்தான் வரும் என்பது வரைக்கும் அது கேட்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

*

பழைய லேப்டாப் வந்தது. மறைவான ஃபோல்டரில் ஃபைல் பத்திரமாக இருந்தது, இருநூறு வரிக்குக் கொஞ்சம் மேல். முதல் வேலையாக ஜேகேடியைத் தேடினேன். பெரிதாக ஏதோ இருக்கும் என்ற எதிர்பார்ப்பு வேறு. 'டெஸ்ட் சர்வரில் சோதித்துப் பார்த்தோம், பிரச்சினை திரும்ப வரவில்லை, பிரவுசர் கேஷை அழித்துவிட்டு மறுபடி முயலவும்.' பக்கத்தில் எண்ணிக்கை: 612. அறுநூறு பேரிடம் கேஷை அழிக்கச் சொல்லியிருக்கிறேன். எதை அடிக்கிறேன் என்பதைப் படிக்காமலே.

அந்த மெயிலுக்குப் பிறகு தானாக விரிவதை அணைத்துவிட்டேன். இப்போது கன்ட்ரோலோடு எக்ஸ், அப்புறம் ஏ, அப்புறம் ஈ, இவ்வளவும் தட்டினால்தான் ஒரு சுருக்கம் விரியும். மூன்று எழுத்துச் சுருக்கத்துக்கு இத்தனை விசை, கணக்குப் பார்த்தால் சின்னச் சொற்களில் நஷ்டம். பக்கத்து சீட்டுத் தம்பி ஒருமுறை பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்கு நேரா அடிச்சிரலாமே" என்றான். பெரிய பத்திகளுக்கு லாபம்தான் என்று அவனிடம் சொன்னேன்.

பட்டியலில் எஸ்ஆர்ஒய் இன்னும் இருக்கிறது. அதை மட்டும் அப்புறம் ஒருமுறைகூட விரிக்கவில்லை. பக்கத்தில் 341 என்று இருக்கிறது.